வளர்ச்சிக்குப் பின் வந்ததா விழிப்பு? போருக்குப் பிந்தைய ஜப்பானில் உள்கட்டமைப்பு, உழைப்பு, சூழல்

1956ஆம் ஆண்டு ஜப்பானில் இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. அந்த ஆண்டு ஜூலையில் பொருளாதாரத் திட்டமிடல் முகமை வெளியிட்ட வெள்ளை அறிக்கை, போருக்குப் பிந்தைய மீட்சிக் காலம் முடிந்துவிட்டது என்றும், இனி வரும் வளர்ச்சி நவீனமயமாதலை நம்பியே அமையும் என்றும் கூறியது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, மே 1 அன்று, கியூஷூ தீவின் மேற்குக் கரையிலுள்ள மினமாட்டா என்ற சிறு நகரில் சிஸ்ஸோ வேதியியல் ஆலையின் மருத்துவமனைத் தலைவர் ஹோசொகாவா ஹஜிமே, காரணம் அறியப்படாத நரம்பு மண்டல நோய் ஒன்று தோன்றியிருப்பதாக உள்ளூர்ச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தார். முதல் அறிவிப்பை நாடு உடனே தனதாக்கிக்கொண்டது. இரண்டாவதன் பொருளை அரசு ஒப்புக்கொள்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இந்தத் தாமதத்தை எப்படி விளக்குவது, அது எப்படி முடிவுக்கு வந்தது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

பரவலாகச் சொல்லப்படும் விடை எளிமையானது. ஏழை நாடு முதலில் வயிற்றைக் கவனிக்கும். செல்வம் சேர்ந்த பிறகே காற்றையும் நீரையும் கவனிக்கும். வருமானம் உயர உயர மாசும் உயர்ந்து, ஓர் எல்லையைத் தாண்டியதும் தானாகக் குறையத் தொடங்கும் என்று பொருளாதார நூல்கள் வளைகோடு வரைந்து காட்டும்போது, ஜப்பான் அதற்கு நல்ல சான்றாக நிறுத்தப்படுகிறது. 1960களில் புகை மூட்டத்தில் கிடந்த நகரங்கள் 1980களில் தெளிந்த வானத்தைப் பெற்றது உண்மை. வளரும் நாடுகளில், நம் நாட்டையும் சேர்த்து, ‘முதலில் தொழில், பிறகு சூழல்’ என்று வாதிடுவோருக்கு இந்த உதாரணம் கைகொடுக்கிறது. ஆனால் ஜப்பானின் வரலாற்றை ஆண்டுவாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அங்கே வளர்ச்சி ஓர் உடன்பாட்டின் மேல் நின்றது: நிறுவனம் வேலையும் ஊதிய உயர்வும் தரும், அரசு துறைமுகமும் சாலையும் நீரும் தரும், தொழிலாளர் உற்பத்தி முறையைக் கேள்வி கேட்கமாட்டார்கள். சூழல் விழிப்பு இந்த உடன்பாட்டின் பலனாக வரவில்லை. அதற்கு வெளியே நின்றவர்களிடமிருந்தும், அதிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களிடமிருந்தும் வந்தது. அந்த விழிப்பு எந்த அளவுக்கு வென்றது, எங்கே நின்றுபோனது என்பதையும் இந்தத் தோற்றமே தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊதியமும் மௌனமும்

இந்த உடன்பாடு போர் முடிந்ததும் அமைந்துவிடவில்லை. தோல்விக்குப் பின் வந்த முதல் சில ஆண்டுகளில் ஜப்பானியத் தொழிலாளர் இயக்கம் ஆசியாவிலேயே வலுவானவற்றுள் ஒன்றாக இருந்தது. 1945 டிசம்பரில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1949இல் ஊதியத் தொழிலாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் சங்க உறுப்பினராக இருந்தனர். ஆலைகளை யார் நடத்துவது, என்ன உற்பத்தி செய்வது என்பதிலும் சங்கங்கள் அப்போது தலையிட்டன. 1947 பிப்ரவரி 1 அன்று நடக்கவிருந்த பொது வேலைநிறுத்தத்தை ஆக்கிரமிப்புப் படைத் தலைவர் மெக்ஆர்தர் தடைசெய்தார். 1949இல் டாட்ஜ் திட்டம் எனப்பட்ட அரசுச் சிக்கன நடவடிக்கை பெருமளவு ஆள்குறைப்பைக் கொண்டுவந்தது. டாலருக்கு 360 யென் என்ற நிலையான மாற்று விகிதமும் அப்போதுதான் வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய கொரியப் போரின் கொள்முதல் ஆணைகள் ஆலைகளை மீண்டும் ஓடவைத்தன. ஆலைகள் ஓடத் தொடங்கியபோது போர்க்குணமிக்க சங்கங்களின் கை தளர்ந்திருந்தது. 1953இல் நிஸ்ஸான் நிறுவனத்தில் நடந்த நீண்ட போராட்டம், நிர்வாகத்தோடு இணங்கிப்போகும் இரண்டாவது சங்கம் ஒன்று எழுந்ததால் தோற்றது. இதே முறை பிறகு பல ஆலைகளில் தொடர்ந்தது.

முடிவான மோதல் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்தது. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறுவதென்று அரசும் பெருநிறுவனங்களும் முடிவெடுத்திருந்த நேரம் அது. மிட்சுயி நிறுவனம் 1959 இறுதியில் 1,200க்கும் மேற்பட்டோரைப் பெயர் குறித்து வெளியேற்றியது. 1960 ஜனவரியில் கதவடைப்புச் செய்தது. இரண்டாவது சங்கம், கூலிப்படைத் தாக்குதல், ஒரு தொழிலாளியின் கொலை என நீண்ட போராட்டம் நவம்பரில் தோல்வியில் முடிந்தது. அடுத்த மாதமே பிரதமர் இகெடா ஹயாட்டோவின் அமைச்சரவை தேசிய வருமானத்தைப் பத்தாண்டுகளில் இரட்டிப்பாக்கும் திட்டத்தை ஏற்றது. இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்தன. உற்பத்தியின் வடிவத்தைத் தொழிலாளர் தீர்மானிக்கலாம் என்ற கோரிக்கை மீகேயில் தோற்கடிக்கப்பட்டது. அதன் இடத்தில் உற்பத்தியின் பலனில் பங்கு என்ற உறுதிமொழி வைக்கப்பட்டது. 1955இல் தொடங்கியிருந்த ‘ஷுண்டோ’ என்னும் வசந்தகால ஊதியப் பேரம் அந்தப் பங்கைப் பிரிக்கும் முறையாக நிலைபெற்றது. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் பல துறைச் சங்கங்கள் சேர்ந்து கோரிக்கை வைக்கும். வலுவான துறையில் கிடைத்த உயர்வு மற்றவற்றுக்கு அளவுகோலாகும்.

பலன் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கு சராசரியாக 7.2 விழுக்காடு வளர்ச்சியை எதிர்பார்த்த திட்டத்தை உண்மை வளர்ச்சி மிஞ்சியது. பத்தாண்டு முடியும் முன்பே குறிக்கோளை எட்டினார்கள். 1968இல் மேற்கு ஜெர்மனியை முந்தி, அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய சந்தைப் பொருளாதாரமாக ஜப்பான் ஆனது. வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து நடுநிலைப் பள்ளியை முடித்த பிள்ளைகள் ‘தங்க முட்டைகள்’ என்ற பட்டப்பெயரோடு தனி ரயில்களில் டோக்கியோவுக்கு அழைத்துவரப்பட்டார்கள். அறுவடை முடிந்ததும் உழவர்கள் கட்டுமான வேலைக்கு நகரம் சென்றார்கள். தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகியவை சாதாரண வீடுகளுக்கு வந்தன. ஆனால் இந்த ஏற்பாட்டில் சங்கத்தின் அக்கறை ஆலையின் வேலியோடு முடிந்தது. சங்கம் நிறுவனவாரியாக அமைந்ததால், நிறுவனத்தின் லாபம் உறுப்பினரின் ஊதியமாகவும் போனஸாகவும் மாறியது. ஆலையின் கழிவுக் குழாயை மூடச் சொல்வது சொந்தச் சம்பளத்தைக் குறைக்கச் சொல்வதாகப் பட்டது. வேலிக்குள்ளேயும் பாதுகாப்பு தளர்ந்தது. 1963 நவம்பரில் அதே மீகே சுரங்கத்தில் நிலக்கரித் தூசு வெடித்து 458 பேர் இறந்தனர். 800க்கும் மேற்பட்டோர் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளாயினர்.

பொதுப் பணத்தில் எழுந்த கடற்கரை

உடன்பாட்டின் இன்னொரு தரப்பான அரசு, தன் பங்கை நிலத்தின் மேல் எழுதியது. 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் ரயில் உலகம் அறிந்தது. உலக வங்கி அதற்கு 8 கோடி டாலர் கடன் தந்தது. ஒன்பது நாள் கழித்து ஒலிம்பிக் விளையாட்டு தொடங்கியது. 1963இல் முதல் பகுதி திறக்கப்பட்ட மெய்ஷின் விரைவுச்சாலையும், 171 உயிர்களை வாங்கி அதே ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட குரோபே அணையும் அந்தக் காலத்தின் பெருமிதங்கள். ஆனால் மாசின் வரலாற்றுக்கு இவற்றைவிடப் பெரிதாகப் பேசப்படாத கட்டுமானங்களே முக்கியம்: தூர்த்துச் சமமாக்கிய கடற்கரை, ஆழப்படுத்திய துறைமுகம், ஆலைகளுக்கென்றே இழுத்த நீர்க்குழாய். பசிபிக் கரையோரமாக டோக்கியோ முதல் வடக்குக் கியூஷூ வரை நீளும் ஒரு பட்டையில் இவை குவிந்தன. மூலப்பொருள் முழுக்க இறக்குமதி. எனவே எண்ணெய்க் கப்பல் நேராக ஆலை வாசலில் நிற்க வேண்டும். ஆலை கடலோரம் வர வேண்டும். கடலோரத்தில் ஏற்கெனவே மீனவர்கள் இருந்தார்கள்.

யொக்கைச்சி இந்த முறையின் முதல் பெரிய விளைவு. போர்க்காலத்தில் கடற்படை எரிபொருள் கிடங்கு இருந்த இடம் எண்ணெய் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, 1959இல் பெட்ரோ வேதியியல் வளாகம் இயங்கத் தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையமும் மின்நிலையமும் வேதியியல் ஆலைகளும் குழாய்களால் இணைக்கப்பட்டு, ஒன்றின் கழிவு மற்றொன்றின் மூலப்பொருளானது. பொறியியல் கண்ணில் இது சிக்கனத்தின் உச்சம். மத்தியக் கிழக்கிலிருந்து வந்த மலிவு எண்ணெயில் கந்தகம் மிகுதி. அது எரிந்தபோது எழுந்த கந்தக டை ஆக்சைடு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இசோசு மீனவக் குப்பத்தின் மேல் இறங்கியது. முதலில் மீனில் எண்ணெய் நாற்றம் வந்து விலை போகவில்லை. பிறகு முதியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சிரைப்பு வந்தது. அரசு 1962இல் கொண்டுவந்த புகைக்கரிச் சட்டம் ஒவ்வொரு புகைபோக்கியையும் தனித்தனியாக அளந்தது. பல புகைபோக்கிகள் சேர்ந்து ஓர் ஊரை மூச்சுத் திணற வைப்பதை அது பார்க்கவில்லை. அதே 1962இல் நாடு தழுவிய வளர்ச்சித் திட்டம், யொக்கைச்சியைப் போன்ற வளாகங்களைப் பிற மாவட்டங்களிலும் எழுப்பத் தீர்மானித்தது. ஆக, மாசு என்பது ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து அன்று. பொதுப் பணத்தால் திட்டமிடப்பட்ட இட அமைப்பின் விளைவு.

மினமாட்டா: தெரிந்தும் தொடர்ந்தது

செல்வம் வந்த பின்புதான் விழிப்பு வரும் என்ற கருத்தைச் சோதிக்க மினமாட்டாவின் காலவரிசையே போதும். சிஸ்ஸோ ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் பாதரசத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. அதன் கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் ஷிரனுய் கடலின் மீன் வழியாக மனிதரை அடைந்தது. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹோசொகாவா, ஆலைக் கழிவைக் கலந்து உணவூட்டிய 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்ததைக் கண்டார். நிறுவனம் அதை வெளியில் சொல்லவில்லை. நவம்பரில் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து தாக்கினார்கள். அதன் பிறகு நடந்ததுதான் உடன்பாட்டின் உருவத்தைத் தெளிவாகக் காட்டுகிறது: நகர மேயர், வணிகர் அமைப்பு, தொழிற்சங்கம் ஆகியோர் சேர்ந்து மாவட்ட ஆளுநரிடம் போய், ஆலைக் கழிவை நிறுத்தினால் ஊர் அழிந்துவிடும் என்று முறையிட்டார்கள். ஆலையின் மேலாளராக இருந்தவரும், அந்த அசிட்டால்டிஹைடு முறையை உருவாக்கியவருமான ஹஷிமொட்டோ ஹிகொஷிச்சியே பல ஆண்டுகள் அந்நகர மேயராக இருந்தவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

டிசம்பரில் நோயாளிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு ‘அனுதாபத் தொகை’ என்று பெயர். இறப்புக்கு 3 லட்சம் யென். நோய்க்கு ஆலையே காரணம் என்று பின்னாளில் தெரியவந்தாலும் கூடுதல் இழப்பீடு கேட்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அதே மாதம் பெரும் விழாவோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று திறக்கப்பட்டது. அது பாதரசத்தை நீக்குவதற்கானது அல்ல. 1960இல், அதாவது காரணம் தெரிந்த மறு ஆண்டில், ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. பாதரசக் கழிவு 1968 மே மாதம் நின்றது. பெட்ரோ வேதியியல் முறை வந்து பழைய முறை காலாவதியானதால் அந்த உற்பத்திப் பிரிவு மூடப்பட்டதே அதற்குக் காரணம். மினமாட்டா நோய்க்குச் சிஸ்ஸோவே பொறுப்பு என்று அரசு அதிகாரபூர்வமாகச் சொன்னது செப்டம்பர் 26 அன்று. அப்போது தடுக்க எதுவும் மிச்சமில்லை. இந்த இடைவெளியில் 1965இல் நீகாட்டாவின் அகானோ ஆற்றங்கரையில், அதே வகை உற்பத்தி நடத்திய ஷோவா டென்கோ ஆலையருகே, இரண்டாவது மினமாட்டா நோய் வெளிப்பட்டது. 1956ஐவிட 1965இல் ஜப்பான் மிகவும் செல்வமுள்ள நாடு. செல்வம் தன்னளவில் பாதுகாப்பளிக்குமானால் நீகாட்டா நிகழ்ந்திருக்கக் கூடாது.

மினமாட்டாவின் தொழிலாளர்களே இவ்வாதத்துக்கு வலுவான சான்று தருகிறார்கள். 1962இல் நிறுவனம், ஊதிய உயர்வை முன்கூட்டியே நிர்ணயித்து, பதிலுக்கு வேலைநிறுத்தம் கூடாது என்ற ‘நிலையான ஊதிய’த் திட்டத்தை முன்வைத்தது. அதை எதிர்த்த நீண்ட போராட்டத்தில் நிர்வாகத்துக்கு இணங்கிய இரண்டாவது சங்கம் உருவானது. பழைய சங்கத்தில் நின்றவர்கள் பதவியிலும் ஊதியத்திலும் ஒதுக்கப்பட்டார்கள். இப்படித் தள்ளப்பட்டவர்களின் சங்கம்தான் 1968 ஆகஸ்டில், நோயாளிகளுக்காக இதுவரை போராடாமல் இருந்தது தொழிலாளராகவும் மனிதராகவும் தங்களுக்கு வெட்கக்கேடு என்று தீர்மானம் இயற்றியது. 1959இல் கழிவை நிறுத்தாதீர்கள் என்று கேட்ட அதே சங்கம் அது. 1970 மே மாதம் மாசுக்கு எதிராக எட்டு மணிநேர வேலைநிறுத்தமும் செய்தது. இந்த ஒன்பது ஆண்டுகளில் அவர்களுக்குப் புதிய அறிவியல் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. 1959இலேயே ஊருக்கு விஷயம் தெரியும். மாறியது உடன்பாட்டில் அவர்களுடைய இடம். நிறுவனத்தின் நலம் தங்கள் நலம் என்ற கணக்கு உடைந்த பிறகு, வேலிக்கு வெளியே இருந்த மீனவரின் துன்பம் அவர்கள் பொறுப்பாகத் தெரிந்தது.

வெளியே நின்றவர்கள் உருவாக்கிய நிறுவனங்கள்

உடன்பாட்டுக்கு வெளியே நின்றவர்கள் மூன்று வழிகளில் செயல்பட்டார்கள்: தாங்களே அளந்தார்கள், உள்ளாட்சியைப் பிடித்தார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். உருக்காலைகள் நிறைந்த வடக்குக் கியூஷூவின் டொபாட்டாவில் மகளிர் சங்கத்தினர் வீடுகளில் படியும் தூசியைச் சேகரித்து அளந்தனர். பள்ளிக்கு வராத குழந்தைகளின் கணக்கோடு அதை ஒப்பிட்டனர். 1965இல் நீல வானம் வேண்டும் என்ற கோரிக்கையோடு ஆவணப்படமும் எடுத்தனர். அவர்களில் பலருடைய கணவர்கள் அதே ஆலைகளில் வேலை பார்த்தார்கள். சங்கத்தில் கணவன் எழுப்ப முடியாத கேள்வியை மனைவி ஊர்ச் சங்கத்தில் எழுப்பினாள் என்பதிலேயே உடன்பாட்டின் எல்லை தெரிகிறது.

ஷிசுவோகா மாவட்டத்தின் மிஷிமா, நுமாசு, ஷிமிசு ஆகிய மூன்று ஊர்களில் நடந்தது இன்னும் முக்கியமானது. 1963 இறுதியில் அங்கே ஒரு பெட்ரோ வேதியியல் வளாகம் வரும் என்று அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் யொக்கைச்சிக்குப் பயணம் போய் நேரில் பார்த்து வந்தார்கள். நூற்றுக்கணக்கான படிப்புக் கூட்டங்கள் நடத்தினார்கள். நுமாசு தொழிற்கல்விப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் மே மாதத்தில் வீடுதோறும் பறக்கும் மீன் வடிவக் கொடிகளின் திசையைக் குறித்து, காற்று புகையை எங்கே கொண்டுபோகும் என்று வரைபடம் தயாரித்தார்கள். மிஷிமாவில் இருந்த தேசிய மரபியல் ஆய்வு நிலையத்தின் அறிவியலாளர்கள் உள்ளூர்க் குழுவுக்கு உதவினார்கள். அரசு நியமித்த ஆய்வுக் குழு ஆபத்தில்லை என்றது. உள்ளூர்க் குழு அந்த அறிக்கையின் குறைகளை வரிவரியாக எடுத்துக் காட்டியது. 1964 இலையுதிர் காலத்துக்குள் திட்டம் கைவிடப்பட்டது. வருமான இரட்டிப்பு பாதி வழியில் இருந்தபோது, ஒலிம்பிக் கொண்டாட்டத்தின் நடுவே, ஒரு மாவட்டத்து மக்கள் வளர்ச்சியின் மிகப் பெரிய பரிசை வேண்டாம் என்றார்கள். போதிய வருமானம் சேரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இந்த வெற்றி அரசியல் கணக்கை மாற்றியது. 1964 இறுதியில் யொகொஹாமாவின் மேயர் அசுகாட்டா இச்சியோ, நாட்டுச் சட்டம் தராத அதிகாரத்தை ஒப்பந்தத்தால் பெற்றார்: நகரம் நிலம் தர வேண்டுமானால் மின்நிலையம் மாசுக் கட்டுப்பாட்டுக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். 1967இல் மினொபே ரியோகிச்சி டோக்கியோ ஆளுநரானார். 1969இல் டோக்கியோ, தேசியச் சட்டத்தைவிடக் கடுமையான ஒழுங்குமுறையை இயற்றியது. நாட்டுச் சட்டமோ 1967இல்தான் முதல் முறையாக மாசுக் கட்டுப்பாட்டு அடிப்படைச் சட்டமாக வந்திருந்தது. அதிலும் வாழ்க்கைச் சூழலைக் காப்பது பொருளாதார வளர்ச்சியோடு இசைந்திருக்க வேண்டும் என்ற விதி நுழைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது வழி நீதிமன்றம். 1967 ஜூனில் நீகாட்டா நோயாளிகளும், செப்டம்பரில் யொக்கைச்சியின் ஒன்பது பேரும், 1968இல் டொயாமாவின் ஜின்சு ஆற்றுப் படுகையில் காட்மியத்தால் எலும்பு நொறுங்கிய ‘இத்தாய்-இத்தாய்’ நோயாளிகளும், 1969இல் மினமாட்டா நோயாளிகளும் வழக்குத் தொடுத்தார்கள். 1971க்கும் 1973க்கும் இடையில் நான்கிலும் வென்றார்கள். இந்தத் தீர்ப்புகள் சட்டச் சிந்தனையையே மாற்றின. தன் நோய்க்கு இந்த ஆலையின் இந்தப் புகையே காரணம் என்று நோயாளி தனித்தனியாக நிறுவ வேண்டியதில்லை, ஒரு வட்டாரத்தின் நோய்ப்பரவல் புள்ளிவிவரம் போதும் என்று யொக்கைச்சித் தீர்ப்பு சொன்னது. ஆறு நிறுவனங்களும் சேர்ந்தே பொறுப்பு என்றது. 1959இன் அனுதாபத் தொகை ஒப்பந்தம் பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் முரணானது, எனவே செல்லாது என்று மினமாட்டாத் தீர்ப்பு அறிவித்தது. டொயாமாவில் 1972இல் மேல்முறையீட்டிலும் வென்ற உழவர்கள், மிட்சுயியின் கமியோகா சுரங்க ஆலைக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து சோதிக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். மீகேயில் தொழிலாளர் இழந்ததற்கு நிகரான ஒன்றை, பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஆலைக்கு வெளியே இருந்தவர்கள் பெற்றார்கள் என்று சொல்லலாம்.

1970 இறுதியில் கூடிய நாடாளுமன்றச் சிறப்புக் கூட்டத்தொடர் ‘மாசு நாடாளுமன்றம்’ என்றே பெயர் பெற்றது. பதினான்கு சட்டங்கள் நிறைவேறின. 1967இன் ‘இசைவு’ விதி நீக்கப்பட்டது. 1971 ஜூலையில் சுற்றுச்சூழல் முகமை தொடங்கப்பட்டது. 1973இல் இயற்றிய உடல்நலப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம், கந்தகம் வெளியிடும் ஆலைகளிடம் நாடு முழுதும் வெளியீட்டுக்கு ஏற்பக் கட்டணம் வசூலித்து நோயாளிகளுக்குக் கொடுத்தது. புகையைக் குறைத்தால் கட்டணம் குறையும் என்பதால் கந்தக நீக்கக் கருவிகள் விரைவாகப் பரவின. நகரங்களின் கந்தக டை ஆக்சைடு அளவு சரிந்தது.

மறுப்புகள்

இந்த விளக்கத்துக்கு எதிராக மூன்று மறுப்புகளை வைக்கலாம். முதலாவது: கந்தக நீக்கக் கருவிக்கும் இழப்பீட்டுக்கும் பணம் வேண்டும், அந்தப் பணம் வளர்ச்சி தந்தது, எனவே வளர்ச்சியே முன்நிபந்தனை. இதில் பாதி உண்மை இருக்கிறது. 1970களில் அவ்வளவு விரைவாகக் கருவிகளை நிறுவ முடிந்ததற்கு அந்தத் தொழில்வளம் காரணம். ஆனால் செய்யும் திறன் வேறு, செய்யும் முடிவு வேறு. உற்பத்தியை விரிவாக்கும் பணமும் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு விழா எடுக்கும் பணமும் சிஸ்ஸோவிடம் 1959இல் இருந்தன. 1991இல் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வுக் குழு ஒன்று போட்ட கணக்கின்படி, மினமாட்டாவில் மாசைத் தடுத்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கோடி யென் செலவாகியிருக்கும். தடுக்காததால் ஏற்பட்ட இழப்பு ஆண்டுக்கு 1,260 கோடி யென்னுக்கும் மேல். நூறு மடங்கு வேறுபாடு. ஏழை நாட்டுக்குச் சிக்கனம் தேவை என்றால் தடுப்பதே சிக்கனம். நிறுவனத்தின் கணக்கில் மட்டும் அது செலவாகத் தெரிந்தது. இழப்பை மீனவர்களின் உடல் ஏற்றது.

இரண்டாவது மறுப்பு: 1970 வாக்கில் சூழல் உணர்வு உலகெங்கும் எழுந்தது; அமெரிக்காவில் புவி நாள், 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாடு; ஜப்பான் அந்த அலையில் அடித்துச் செல்லப்பட்டது. கால வரிசை இதை மறுக்கிறது. மிஷிமா, யொகொஹாமா ஆகியவை 1964. முதல் இரு வழக்குகள் 1967. மாசைப் பற்றி மியமொட்டோ கெனிச்சியும் ஷோஜி ஹிக்காருவும் எழுதிய ‘அஞ்சத்தக்க மாசு’ என்ற பொருள்படும் நூல் 1964லேயே வெளிவந்தது. உலக அலை ஜப்பானிய அரசுக்கு வெட்கத்தைத் தந்திருக்கலாம். வழக்காடியவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

மூன்றாவது மறுப்பு கூர்மையானது: 1970இன் சட்டங்களை இயற்றியது, வளர்ச்சிக் கொள்கையை நடத்திய அதே லிபரல் ஜனநாயகக் கட்சிதான், அப்படியானால் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அந்த ஆட்சிமுறைக்குள்ளேயே இருந்தது அல்லவா? இருந்தது, ஆனால் அது எப்போது இயங்கியது என்று பார்க்க வேண்டும். டோக்கியோ, யொகொஹாமா, கியோட்டோ என்று பெருநகரங்கள் எதிர்க்கட்சி ஆதரவு பெற்றவர்களின் கைக்குப் போனபின், 1970 கோடையில் டோக்கியோவில் ஒளிவேதிப் புகைமூட்டத்தில் பள்ளி மாணவிகள் மயங்கி விழுந்தபின், நகர வாக்குகளை இழக்கும் அச்சம் ஆளும் கட்சியைத் தொட்டபின் அது இயங்கியது. உள்ளாட்சித் தேர்தலும் தனித்தியங்கும் நீதிமன்றமும் இல்லாதிருந்தால் அந்த அச்சம் வந்திருக்காது. ஆகவே ஜப்பானின் அனுபவத்திலிருந்து பொதுவிதி எடுப்போர் வருமான எண்ணை எடுக்கக் கூடாது. இந்த நிறுவனங்களை எடுக்க வேண்டும்.

விழிப்பின் எல்லை

அந்த வெற்றி எங்கே நின்றது என்பதும் அதே காரணத்தால் விளங்குகிறது. 1977இல் ஜப்பானின் சூழல் கொள்கையை ஆராய்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, மாசுக்கு எதிரான பல சண்டைகளில் அந்நாடு வென்றாலும் சூழலின் தரத்துக்கான போரில் இன்னும் வெல்லவில்லை என்று மதிப்பிட்டது. ஆலைப் புகைக்குப் பெயர் சொல்லக்கூடிய நோயாளி இருந்தார். எதிராளியாகத் தனியார் நிறுவனம் இருந்தது. நீதிமன்றத்தால் இழப்பீடு விதிக்க முடிந்தது. உள்கட்டமைப்பில் எதிராளி அரசே. ஒசாகா விமான நிலைய இரைச்சலுக்கு எதிராக 1969இல் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இரவுப் பறத்தலைத் தடைசெய்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் கடந்தகால இழப்பீட்டை மட்டும் தந்து தடையை நீக்கியது. ஷின்கான்சென் பாதையோரம் வாழ்ந்த நகோயா மக்கள் 1974இல் வழக்குப் போட்டனர். ரயிலின் வேகத்தைக் குறைக்க எந்த நீதிமன்றமும் ஆணையிடவில்லை. பெரிய கட்டுமானங்களுக்கு முன்கூட்டியே சூழல் தாக்க மதிப்பீடு கோரும் மசோதா 1981இல் நாடாளுமன்றத்துக்கு வந்து, தொழில்துறையின் எதிர்ப்பால் 1983இல் காலாவதியானது, சட்டமானது 1997இல். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நாகசாகியின் இசஹாயா வளைகுடாவைத் தூர்க்கும் திட்டத்துக்காக அலைநிலத்தின் மேல் மதகுகள் இறக்கப்பட்டன. அலைநிலத்து உயிரினங்களுக்கு மருத்துவச் சான்றிதழ் இல்லை.

பெற்றதும் பாதுகாப்பாக இருக்கவில்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வளர்ச்சி தளர்ந்ததும், 1978இல் நைட்ரஜன் டை ஆக்சைடின் அளவுகோல் தளர்த்தப்பட்டது. 1988இல் காற்று மாசு நோயாளிகளைப் புதிதாக ஏற்பது நிறுத்தப்பட்டது. வருமானம் அப்போது குறையவில்லை, கூடியிருந்தது. வளைகோட்டின்படி கட்டுப்பாடு இறுகியிருக்க வேண்டும். குறைந்தவை உள்ளாட்சிகளின் எதிர்ப்பும் நகர இயக்கங்களின் வேகமுமே. சங்கங்கள் வேலையைக் காப்பாற்றும் கவலையில் மீண்டும் நிறுவனத்தின் பக்கம் சேர்ந்தன. மினமாட்டாவில் அரசின் பொறுப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2004 அக்டோபரில், நோய் அறிவிக்கப்பட்டு 48 ஆண்டு கழித்து. அதிகாரபூர்வமாக நோயாளி என்று ஏற்கப்பட்டவர்கள் இரு மினமாட்டாக்களிலும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பேர். விண்ணப்பித்தும் ஏற்கப்படாதவர்கள் அதைவிடப் பல மடங்கு.

ஆகவே ஜப்பானின் வரலாறு ‘முதலில் தொழில், பிறகு சூழல்’ என்பதற்குச் சான்றாகாது. சூழல் கெட்டதற்கும் சீர்பட்டதற்கும் இடையே கழிந்த ஆண்டுகள் செல்வம் சேர்வதற்கான காத்திருப்பு அல்ல. அறிந்தவர்களின் வாயை ஊதியமும் ஒப்பந்தமும் கட்டிவைத்திருந்த காலம். அந்தக் கட்டு அவிழ்ந்தது மூன்று இடங்களில்: தன் ஊரின் காற்றைத் தானே அளக்க முடிந்த இடத்தில், வாக்கால் மேயரை மாற்ற முடிந்த இடத்தில், நிறுவனத்தை நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்த இடத்தில். நான்காவதாக ஆலைக்குள்ளிருந்தே அது அவிழ்ந்திருந்தால், தயாரிப்பு முறையையும் கழிவையும் நாள்தோறும் கையாண்டவர்கள் பேசக்கூடியவர்களாக இருந்திருந்தால், 1960க்கும் 1968க்கும் இடையே கடலில் கலந்த பாதரசத்தில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். இன்று வேகமாகத் தொழில்மயமாகும் எந்த நாடும் ஜப்பானிடம் பாடம் கேட்பதானால், எத்தனை டாலர் வருமானத்தில் வானம் தெளியும் என்று கேட்பதில் பயனில்லை. கழிவுக் குழாயைத் திறப்பவர் தன் வேலையை இழக்காமல் அதைப் பற்றிப் பேச முடியுமா, அக்கரையில் இருப்பவர் அதைச் சோதிக்க முடியுமா என்று கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஆம் என்று பதில் தரும் சட்டத்தை வளர்ச்சியின் தொடக்கத்திலேயே எழுதிவிடலாம், அதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.